கியூப் வார்ப்பதற்கு முன் ஒரு தேநீர்ப் பை

செல்ஃப் கியூரிங் கான்கிரீட்டை இறுதியாண்டு புராஜெக்ட்டாக எடுத்திருக்கும் சிவில் மாணவர்களுக்கு,



சூப்பர் அப்சார்பன்ட் பாலிமர் கலந்து, மேலே தண்ணீர் ஊற்றாமலே கான்கிரீட்டை இறுக வைப்பது என்ற தலைப்பை இந்த ஆண்டும் உங்களில் பலர் எடுத்திருப்பீர்கள். தலைப்பின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. லாரித் தண்ணீருக்குக் காத்திருந்து கட்டடம் கட்டும் ஊர்களில், ஏழு நாள், பத்து நாள் என்று சாக்கை நனைத்துக் கொண்டிருக்க முடியாத தளங்களில், இப்படி ஒரு யோசனை இளைஞர்களுக்கு வராமல் இருந்தால்தான் வருத்தப்பட வேண்டும்.

என் மனத்தாங்கல் வேறு. வைவாவுக்கு வெளித் தேர்வாளராக வந்து உட்காரும்போது உங்கள் அறிக்கையில் நான் முதலில் தேடும் பக்கம் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் இருப்பதில்லை. சிமெண்டின் ஒப்படர்த்தி இருக்கும். மணலின் சல்லடைப் பகுப்பாய்வு வரைபடத்தோடு இருக்கும். ஜல்லி எத்தனை சதவீதம் தண்ணீர் குடிக்கிறது என்பதைக்கூட, கூடையில் போட்டு ஒரு நாள் ஊறவைத்து, துணியால் துடைத்து, இரண்டு தசமத்துக்கு எழுதியிருப்பீர்கள். கருங்கல் ஜல்லி குடிப்பது தன் எடையில் ஒரு சதவீதம்கூட இருக்காது. அதை அளந்த நீங்கள், தன் எடையைப் போலப் பல மடங்கு குடிக்கும் பாலிமருக்கு மட்டும், விற்றவர் கொடுத்த தாளில் இருந்த எண்ணை அப்படியே எடுத்து எழுதிவிட்டுப் போய்விடுகிறீர்கள்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் வாங்கும் வெள்ளைத் தூள் பெரும்பாலும் இரண்டு சந்தைகளுக்காகச் செய்யப்பட்டது. ஒன்று குழந்தைகளின் டயப்பர். மற்றொன்று விவசாயம். டயப்பர்த் துறைக்கு ஐஎஸ்ஓ 17190 என்ற தரநிலை இருக்கிறது. அதில் சோதனைத் திரவம் 0.9 சதவீத உப்புக் கரைசல். காரணம் வெளிப்படை, அந்தத் தூள் குடிக்கப் போவது சிறுநீரை. விவசாய ஹைட்ரோஜெல் பாக்கெட்டுகளில் வாலை வடிநீரில் கண்ட அளவை, எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காகவே, பெரிய எழுத்தில் போடுவார்கள். இருநூறு மடங்கு, நானூறு மடங்கு என்பதெல்லாம் இப்படி வருபவை. இரண்டிலும் பொய் எதுவும் இல்லை. ஆனால் உங்கள் மிக்சருக்குள் இருப்பது வாலை வடிநீரும் அல்ல, சிறுநீரும் அல்ல.

அங்கே இருப்பது என்ன? சிமெண்டில் தண்ணீர் பட்ட சில நிமிடங்களிலேயே அந்தத் தண்ணீரில் கால்சியம், பொட்டாசியம், சோடியம், சல்பேட், ஹைட்ராக்சில் அயனிகள் எல்லாம் இறங்கிவிடுகின்றன. பிஎச் பன்னிரண்டரையைத் தாண்டிவிடுகிறது. இப்போது பாலிமரைப் பாருங்கள். பாலிஅக்ரிலேட் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிய வலை அது. சங்கிலி நெடுகக் கார்பாக்சிலேட் தொகுதிகள், எல்லாம் எதிர்மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று விலக்குபவை. அவற்றுக்கு ஈடாக வலைக்குள் சோடியமோ பொட்டாசியமோ அடைபட்டிருக்கிறது. வெளியே வாலை வடிநீர் இருந்தால், உள்ளே அயனி அதிகம், வெளியே இல்லை. சவ்வூடுபரவல் அழுத்தத்தில் தண்ணீர் உள்ளே பாய்கிறது, வலை விரிகிறது. வெளியே இருக்கும் தண்ணீரிலேயே அயனிகள் நிறைந்திருந்தால் அந்த இழுவை குறைந்துவிடுகிறது. கால்சியம் அதற்கு மேலும் ஒரு வேலை செய்கிறது. அதற்கு இரண்டு மின்சுமை. ஒரே நேரத்தில் இரண்டு கார்பாக்சிலேட்டைப் பிடித்துக்கொண்டு, விரிய வேண்டிய வலையை இறுக்கிக் கட்டிவிடுகிறது. இதனால்தான் வாலை வடிநீரில் நூற்றுக்கணக்கான மடங்கு ஊதும் தூள், சிமெண்ட் நீரில் பெரும்பாலும் பத்து முதல் நாற்பது மடங்குக்குள் நின்றுவிடுகிறது.

இந்த வித்தியாசம் உங்கள் மிக்ஸ் டிசைனில் என்ன செய்யும் என்பதைக் கணக்காகவே போட்டுவிடலாம். ஒரு கன மீட்டருக்கு 450 கிலோ சிமெண்ட், நீர்-சிமெண்ட் விகிதம் 0.32 என்று வைத்துக்கொள்வோம். பாலிமர் 0.3 சதவீதம், அதாவது 1.35 கிலோ. விற்றவர் தாளில் உப்புக் கரைசலில் 50 மடங்கு என்று இருக்கிறது. அதை நம்பி, பாலிமருக்கென்று 67.5 லிட்டர் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றுகிறீர்கள். உங்கள் சிமெண்ட் நீரில் அது உண்மையில் குடிப்பது 20 மடங்கு என்றால், 27 லிட்டர்தான் உள்ளே போகும். மீதி நாற்பது லிட்டர் சொச்சம் வெளியே சிமெண்டோடு கிடக்கும். உங்கள் 0.32 இப்போது 0.41. கியூப் பலம் இறங்கும். அறிக்கையில் "பாலிமரால் பலம் குறைந்தது" என்று எழுதுவீர்கள். குறைத்தது நீங்கள் ஊற்றிய தண்ணீர்.

மறுபக்கம் இதைவிட ஏமாற்றுவது. கூடுதல் தண்ணீரே ஊற்றாமல், வழக்கமான கலவையில் பாலிமரை மட்டும் போடுபவர்கள் உங்களில் அதிகம். 350 கிலோ சிமெண்ட், விகிதம் 0.45, தண்ணீர் 157.5 லிட்டர். பாலிமர் 1.05 கிலோ, 20 மடங்கு குடித்தால் 21 லிட்டர் போய்விட்டது. சிமெண்டுக்கு எஞ்சிய விகிதம் 0.39. 28 நாள் பலம் கூடத்தான் செய்யும். உடனே "செல்ஃப் கியூரிங்கால் பலம் உயர்ந்தது, உகந்த அளவு 0.3 சதவீதம்" என்று முடிவுரை. பாலிமரே இல்லாமல் 0.39 விகிதத்தில் ஒரு கலவை போட்டிருந்தாலும் பலம் உயர்ந்திருக்குமே? உள்ளிருந்து நீராறியதால் கிடைத்தது எவ்வளவு, வெறுமனே தண்ணீர் குறைந்ததால் கிடைத்தது எவ்வளவு, பாலிமர் சுருங்கிய இடத்தில் விழுந்த பொத்தல்களால் போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல உங்களிடம் என்ன இருக்கிறது? பாலிமர் எவ்வளவு குடித்தது என்ற ஒரே ஒரு எண் இருந்தால் பிரிக்கத் தொடங்கலாம். அது இல்லாமல் கியூப் உடைப்பது கியூபுக்கும் செலவு, உங்களுக்கும் முதுகுவலி.

மூன்றாவது ஒரு வழக்கமும் உண்டு. முதல் நாளே குழாய்த் தண்ணீரில் ஊறப்போட்டு, ஜெல்லாக்கி, அதை மிக்சரில் கொட்டுவது. குழாய்த் தண்ணீரில் வயிறு முட்டக் குடித்த ஜெல், சிமெண்ட் நீருக்குள் விழுந்ததும், உப்புப் போட்ட மாங்காய்த் துண்டு நீர் விடுவது போலச் சுருங்கித் தண்ணீரைக் கக்கும். ஸ்லம்ப் ஏறும். "பாலிமரால் வொர்க்கபிலிட்டி மேம்பட்டது" என்று ஒரு வரி சேர்ந்துவிடும். இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம், ஊறப்போட்ட பாத்திரத்தின் படம் பின்னிணைப்பில் இருக்கிறதா என்று பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பேன். இருக்கும்.

இது உங்கள் குற்றம் மட்டும் அல்ல என்பது எனக்குத் தெரியும். முன்னால் போன சீனியர் அறிக்கையில் இந்தச் சோதனை இல்லை. நீங்கள் எடுத்தாண்ட கட்டுரைகள் பலவற்றிலும் இல்லை. கைடுக்கு ஒரே நேரத்தில் பல குழுக்கள். முதல் ரிவ்யூவில் யாரும் கேட்கவில்லை என்றால் கடைசி ரிவ்யூவிலும் கேட்க மாட்டார்கள். ஆனால் இந்தத் துறையை உண்டாக்கியவர்கள் இப்படி வேலை செய்யவில்லை. டென்மார்க்கில் ஓலே மெய்ல்ஹெட யென்சனும் பெர் ஃப்ரைஸ்லெபன் ஹான்சனும் 2001, 2002இல் இந்த யோசனையை எழுதியபோது, எந்த விகிதத்துக்கு எவ்வளவு உள்நீர் தேவை என்ற கணக்கிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். நீர்-சிமெண்ட் விகிதம் 0.36க்குக் கீழே இருந்தால், அந்த விகிதத்தின் 0.18 பங்கு உள்நீராக வேண்டும், 0.30 விகிதத்துக்கு 0.054. அதை எத்தனை கிராம் பாலிமர் சுமக்கும் என்று கேட்ட அடுத்த நொடியே, சிமெண்ட் நீரில் அது எவ்வளவு குடிக்கும் என்று அளந்தே ஆக வேண்டும். 2006 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் நகரில் மெல்லிய சுவர்களோடு ஒரு சிறு மண்டபத்தை இந்தக் கான்கிரீட்டில் கட்டியபோதும், நம்பியது இந்தக் கணக்கைத்தான்.

அதே கணக்கு இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்லும். இந்தத் துறைக்குள் பாலிமர் வந்தது, விகிதம் மிகக் குறைந்த, தானாகவே உள்ளுக்குள் வறண்டு சுருங்கும் உயர்பலக் கான்கிரீட்டுக்காக. 0.50 விகிதத்தில் வார்த்த எம்20க்கு உள்ளே தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை. அங்கே பிரச்சினை மேலே வெயிலில் ஆவியாகிப் போவது. அதற்குப் பாலிமர் முழு மருந்தாகாது. ஐஎஸ் 456:2000 சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது ஏழு நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்குப் பத்து நாள், வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில் எதுவானாலும் பத்து நாளுக்குக் குறையாமல் ஈரம் காக்கச் சொல்கிறது. உங்கள் புராஜெக்ட் அந்த வரியை ரத்து செய்துவிடாது. தலைப்பை எம்60 பக்கம் நகர்த்த முடியுமா என்று கைடிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, சோதனை. உலக அளவில் கட்டுமானப் பொருள் ஆய்வாளர்களின் கூட்டமைப்பான ரிலெம் இதற்கென்றே ஒரு குழு அமைத்து, பல ஆய்வகங்களில் ஒரே பாலிமரை அளக்க வைத்து, 2018இல் பரிந்துரையாக வெளியிட்டிருக்கிறது. அதில் முக்கியமானவை இரண்டு: தேநீர்ப் பை முறை, வடிகட்டல் முறை. இரண்டுக்கும் தேவையான எதுவும் உங்கள் கல்லூரியில் இல்லாதது இல்லை. நல்ல தராசு ஒன்று வேண்டும். சிவில் லேபில் இல்லாவிட்டால் கெமிஸ்ட்ரி லேபில் இருக்கும், அங்கே இருக்கும் லேப் அண்ணாவிடம் பேசுங்கள்.

முதலில் திரவம். நீங்கள் வார்க்கப் போகும் அதே மூட்டையின் சிமெண்டை, வார்க்கப் போகும் அதே தண்ணீரில் நன்றாகக் கலக்கி, வடிகட்டித் தெளிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். "அதே" என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஓபிசி 53க்கும் சாம்பல் கலந்த பிபிசிக்கும் தெளிநீர் ஒன்றாக இருக்காது. இரண்டு கம்பெனிகளின் ஓபிசிக்குமே காரச்சத்து வேறுபடும். உங்கள் போர்வெல் உப்பாக இருந்தால் அதுவும் கணக்கில் சேரும். தெளிநீரைத் திறந்து வைக்காதீர்கள். காற்றிலிருக்கும் கரியமில வாயுவைப் பிடித்து மேலே வெள்ளை ஏடு படரும், கால்சியம் குறைந்துபோகும், பாலிமர் குடிக்கும் அளவு பொய்யாக ஏறும். பீக்கரை மூடியே வையுங்கள்.

பிறகு தூள். கடற்கரை ஊர்க் காற்றிலேயே அது ஈரம் இழுக்கும். அடுப்பில் உலர்த்தி, மூடிய டப்பாவில் ஆறவைத்து எடுங்கள். காலித் தேநீர்ப் பையைத் தெளிநீரில் நனைத்து, துடைத்து, எடை பார்த்துக்கொள்ளுங்கள். 0.2 கிராம் அளவுக்குத் தூளை உள்ளே போட்டு, 200 மில்லி தெளிநீரில் தொங்கவிடுங்கள். திரவத்தைக் குறைத்துச் சிக்கனம் பார்க்காதீர்கள். பாலிமர் தானே கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு திரவத்தின் குணத்தை மாற்றிவிடும். திரவம் கொஞ்சமாக இருந்தால் நீங்கள் அளப்பது வேறு ஏதோ ஒன்று. எடுத்ததும் உலர்ந்த துணியில் வைத்து ஒரே மாதிரி, ஒரே நேர அளவுக்குத் துடைத்து எடை போடுங்கள். ஈரப் பையோடு வந்த மொத்த எடையிலிருந்து, நனைந்த காலிப் பையின் எடையையும் உலர் தூளின் எடையையும் கழித்து, உலர் தூளின் எடையால் வகுத்தால் எண் கிடைத்துவிடும். துடைப்பவர் கை மாறினால் எண் மாறும், அதனால் குழுவில் ஒருவரே கடைசிவரை துடைக்கட்டும். தூள் மிக நைசாக இருந்தால் பை வழியே கசியும், துகள்களுக்கு இடையே தங்கும் திரவமும் எடையில் சேரும். இந்த இரண்டு குறையையும் அறிக்கையில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

எப்போதெல்லாம் அளப்பது? இங்கேதான் விஷயமே இருக்கிறது. 24 மணி நேரம் ஊறவிட்டு ஒரே ஒரு எண்ணை எடுப்பவர்கள் பாதிக் கதையைத் தவறவிடுகிறார்கள். ஒரு நிமிடம், ஐந்து, பத்து, முப்பது நிமிடம், ஒரு மணி, மூன்று மணி, 24 மணி என்று வரிசையாக அளந்து கோடு வரையுங்கள். சில பாலிமர்களின் கோடு ஏறி, அப்படியே நிற்கும். சிலவற்றின் கோடு முதல் சில நிமிடங்களில் உச்சிக்குப் போய், பிறகு சில மணி நேரத்திலேயே சரிந்துவிடும். ட்ரெஸ்டன் ஆய்வாளர்கள் 2012இல் இதற்கான காரணத்தைப் பாலிமரின் அமைப்பிலேயே காட்டினார்கள்: எதிர்மின்சுமைத் தொகுதிகள் நெருக்கமாக உள்ள சங்கிலியைக் கால்சியம் மேலும் மேலும் இறுக்க, குடித்த தண்ணீரை அது தானே வெளியே விட்டுவிடுகிறது. கான்கிரீட் இறுகும் முன்பே தண்ணீரை விட்டுவிடும் பாலிமரால் உங்களுக்கு என்ன பயன்? நீங்கள் அளந்த 24 மணி எண் 15 என்று இருக்கலாம். பத்தாவது நிமிடத்தில், மிக்சர் ஓடிக்கொண்டிருக்கும்போது, அது 35ஆக இருந்து உங்கள் ஸ்லம்ப்பைக் கொன்றிருக்கலாம். ஒரே பெயரில் விற்கும் இரண்டு தூள்கள் ஏன் எதிரெதிரான முடிவு தருகின்றன என்று குழம்பியவர்களுக்கு இந்தக் கோடு பதில் சொல்லும்.

வடிகட்டல் முறை இன்னும் எளிது. எடை தெரிந்த தூளை எடை தெரிந்த தெளிநீரில் போட்டு, நேரம் ஆனதும் முன்பே நனைத்த ஃபில்டர் பேப்பரில் ஊற்றி, கீழே இறங்கியதை எடை பாருங்கள். இறங்காதது குடித்தது. வடிய நேரமாகும் என்பதால் முதல் நிமிடக் கணக்குக்கு இது ஆகாது. ஆனால் தேநீர்ப் பை எண் சரியா என்று சரிபார்க்க நல்லது.

இரண்டும் முடிந்த பிறகு, உங்கள் லேபில் தூசி படிந்து கிடக்கும் ஃப்ளோ டேபிளைத் துடைத்து எடுங்கள். பாலிமர் இல்லாத சாந்து ஒன்று, பாலிமர் போட்ட சாந்து ஒன்று. இரண்டாவதில் கூடுதல் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஏற்றி, முதலாவதன் பரவலைத் தொடும்வரை போங்கள். எவ்வளவு தண்ணீர் ஏற்றினீர்களோ அதுவே, நிஜச் சாந்துக்குள், மணல் நெருக்க, மிக்சர் சுழல, பாலிமர் குடித்த அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். தேநீர்ப் பையில் வந்த எண்ணோடு இது பொருந்தாமல் போகலாம். பொருந்தவில்லை என்றால் பயப்படாதீர்கள், அதையும் எழுதுங்கள். என்னைக் கேட்டால், அந்தப் பொருந்தாமையை விளக்க முயலும் இரண்டு பக்கம், உகந்த அளவு 0.3 சதவீதம் என்று சொல்லும் முழு அத்தியாயத்தைவிட மதிப்பெண்ணுக்குத் தகுதியானது.

இரண்டு எச்சரிக்கை. டயப்பரைக் கிழித்துத் தூள் எடுக்காதீர்கள். பஞ்சு நாரும் சேர்ந்து வரும், துகள்களும் பெரும்பாலும் கான்கிரீட்டுக்கு வேண்டியதைவிடப் பெரியவை, அவை விட்டுப்போகும் பொத்தலும் பெரிது. இன்னொன்று, தூளைக் கையாளும்போது முகக்கவசம் போடுங்கள். தரையில் சிந்தி ஈரம் பட்டால் ஐஸ் போல வழுக்கும்.

"நேரம் இல்லை சார்" என்பீர்கள். கியூப் அச்சுக்காக மற்ற குழுக்களோடு சண்டை போட்டு, 28 நாள் காத்திருந்து, கம்ப்ரஷன் மெஷின் பழுதாகி, வேறு கல்லூரிக்கு ஆட்டோவில் கியூபை ஏற்றிக்கொண்டு போகும் உங்களுக்கு, இன்னொரு சோதனை என்றால் எரிச்சல் வரும்தான். ஆனால் இது இரண்டு மூன்று நாள் வேலை, மேசை மேல் நடப்பது, ஒரு கையளவு தூளில் முடிவது. இதைச் செய்த பிறகு, போட வேண்டிய கியூப்களின் எண்ணிக்கை குறையும். 0.1, 0.2, 0.3, 0.4, 0.5 என்று குருட்டாம்போக்கில் ஐந்து அளவு வார்க்கத் தேவையில்லை. தேவையான உள்நீர் தெரியும், பாலிமர் சுமக்கும் அளவு தெரியும், போட வேண்டிய சதவீதம் வகுத்தலில் வந்துவிடும். அதற்கு மேலும் கீழும் ஒன்று போதும். மிச்சமாகும் அச்சுகளில் இரண்டு ஒப்பீட்டுக் கலவைகளை வார்த்துவிடுங்கள்: மொத்தத் தண்ணீர் சமமாக ஒன்று, பாலிமர் குடித்தது போக எஞ்சும் தண்ணீர் சமமாக இன்னொன்று. இந்த இரண்டும் இருந்தால்தான் பாலிமர் செய்த வேலையைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியும்.

2014இல் 13 ஆய்வுக் குழுக்கள், ஒரே செய்முறையை வைத்துக்கொண்டு அவரவர் ஊர்ப் பொருள்களில் பாலிமர் கான்கிரீட் வார்த்து முடிவை வெளியிட்டார்கள். சுருக்கம் குறைந்தது எல்லோருக்கும் ஒத்துவந்தது. அதுபோல ஒன்றை நம் கல்லூரிகள் சேர்ந்து செய்ய முடியாதா என்று நான் யோசிப்பதுண்டு. அரியலூர்ச் சிமெண்டில் ஒரு கல்லூரி, திருநெல்வேலிச் சிமெண்டில் ஒரு கல்லூரி, ஒரே பாக்கெட் பாலிமரைப் பங்கிட்டு அளந்தால், அடுத்த ஆண்டு வருபவர்களுக்கு நம் ஊர் எண்கள் கையில் இருக்கும். இப்போது அவர்கள் கையில் இருப்பது உங்கள் முடிவுரைகள் மட்டும். எந்தச் சிமெண்ட், எந்தத் தண்ணீர், எத்தனை மடங்கு என்று எதுவும் தெரியாத முடிவுரைகளை வைத்துக்கொண்டு அவர்கள் மீண்டும் 0.1இலிருந்து தொடங்குகிறார்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. அடுத்த ரிவ்யூவுக்கு முன், கியூப் அச்சுக்கு எண்ணெய் தடவுவதற்கு முன், உங்கள் பாலிமர் உங்கள் சிமெண்ட் நீரில் எவ்வளவு குடிக்கிறது என்று நேர வரிசையில் அளந்துவிடுங்கள். குறைந்தது மூன்று பைகளின் சராசரியும் அவற்றின் விலகலும் இருக்கட்டும். சிமெண்டின் வகை, தயாரித்த வாரம், தண்ணீர் எங்கிருந்து வந்தது, தூளின் துகள் அளவு, எப்படித் துடைத்தீர்கள் என்பதெல்லாம் அட்டவணைக்குக் கீழே வரட்டும். கைடு கேட்காவிட்டாலும், இந்த மடலைக் காட்டி, பொருள்களின் பண்புகள் என்ற அத்தியாயத்தில் ஜல்லியின் நீர் உறிஞ்சலுக்கு அடுத்த பக்கத்தில் அதைச் சேர்க்க அனுமதி வாங்குங்கள். வைவாவுக்கு வரும்போது நான் முதல் கேள்வியை அந்தப் பக்கத்திலிருந்துதான் கேட்கப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிக்கைகளைக் கடைசிப் பக்கம்வரை படிக்கும் ஒரு தேர்வாளர்